தனியாள் வணிகருக்கு எவ்வளவு சரிக்கட்டல் போதும்?

தமிழ்நாட்டில் பள்ளியில் வணிகப் பிரிவு எடுத்தவர்கள் ‘சரிக்கட்டுதல்கள்’ என்ற தலைப்பை மறந்திருக்க மாட்டார்கள். இருப்பாய்வுக்குக் கீழே நான்கைந்து வரிகள் இருக்கும்: கொடுபட வேண்டிய சம்பளம் இவ்வளவு, முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு இவ்வளவு. ஒவ்வொரு தொகையையும் இரண்டு இடங்களில் காட்டினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதே மாணவர் வளர்ந்து சொந்தமாகக் கடை வைத்தால் அந்த வரிகளை எழுதுகிறாரா? பல சிறு கடைகளில் எழுதுவதில்லை. பணம் கை மாறிய அன்றுதான் அது செலவு அல்லது வரவு. பாடம் சொல்வது சரியா, கடை செய்வது சரியா?

பாடத்தின் வாதம் எளிமையானது. ஓர் ஆண்டின் இலாபத்தை அறிய, அந்த ஆண்டு அனுபவித்த செலவையும் அந்த ஆண்டு உழைத்துப் பெற்ற வருமானத்தையும் எதிரெதிரே வைக்க வேண்டும். பணம் எப்போது கை மாறியது என்பது வேறு சங்கதி. மார்ச் மாதச் சம்பளத்தை ஏப்ரல் முதல் வாரத்தில் கொடுத்தாலும் அது மார்ச்சின் செலவுதான். அக்டோபரில் ஓராண்டுக்குக் கட்டிய காப்பீட்டில் பாதி அடுத்த நிதியாண்டுக்கு உரியது. ஆடிட்டர்கள் இதை மெர்கன்டைல் முறை என்பார்கள். இந்தியப் பட்டயக் கணக்காளர் கழகம் 1979இல் வெளியிட்ட முதல் கணக்கியல் தரநிலை இதை மூன்று அடிப்படை அனுமானங்களில் ஒன்றாக வைக்கிறது. நிறுவனம் தொடர்ந்து நடக்கும் என்பதும், கணக்கு முறை ஆண்டுக்கு ஆண்டு மாறாது என்பதும் மற்ற இரண்டு.

எதிர்த்தரப்புக்கு இன்று வலுவான துணை கிடைத்திருக்கிறது. பிரிட்டன் 2013-14 வரி ஆண்டில் சிறு தனியாள் வணிகர்கள் ரொக்க அடிப்படையிலேயே வரிக் கணக்குக் காட்டலாம் என்று அனுமதித்தது. 2017-18இல் அதற்கான விற்றுமுதல் உச்சவரம்பை 1,50,000 பவுண்டாக உயர்த்தியது. 2024-25 முதல் வரம்பையே எடுத்துவிட்டது. முன்பு ரொக்க முறை வேண்டுமென்றால் கேட்டு வாங்க வேண்டும். இன்று அதுதான் இயல்பு நிலை. மெர்கன்டைல் முறை வேண்டும் என்பவர்தான் அதைத் தனியே தெரிவிக்க வேண்டும்.

இந்தியாவும் தனியாள் வணிகரை வற்புறுத்தவில்லை. கம்பெனிகளுக்கு 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் மெர்கன்டைல் முறையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. தனியாள் வணிகருக்கோ 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 145ஆம் பிரிவு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தந்தது. தேர்ந்ததைத் தொடர்ந்து கடைப்பிடிக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இரண்டையும் கலந்து வைக்கும் முறை மட்டும் 1997-98 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இல்லை. இதையும் தாண்டி ஒரு வழி உண்டு. அந்தச் சட்டத்தின் 44ஏடி பிரிவு கொண்டுவந்த முறைப்படி, விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால் அதில் 8 விழுக்காட்டை, வங்கி அல்லது டிஜிட்டல் வழியாக வந்த தொகைக்கு 6 விழுக்காட்டை, இலாபம் என்று காட்டி வரி கட்டிவிடலாம். ரொக்க வரவு 5 விழுக்காட்டைத் தாண்டாதவர்களுக்கு வரம்பு 3 கோடி. இந்த வழியில் போகிறவருக்குக் கொடுபட வேண்டிய சம்பளமும் முன்கூட்டிய காப்பீடும் வரியை ஒரு ரூபாய்கூட மாற்றாது.

ஆக, ‘வரிக்காகச் சரிக்கட்டுங்கள்’ என்ற வாதம் பெரும்பாலான சிறு வணிகர்களிடம் எடுபடாது. சரிக்கட்டலுக்கு நியாயம் உண்டென்றால் அதை வேறிடத்தில் தேட வேண்டும். வணிகருக்குத் தம் கடையைப் பற்றித் தெரியாத எதையாவது அது சொல்கிறதா?

எண்களில் பார்த்தால்

ஒரு சிறு ஹார்டுவேர் கடையை வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 அன்று திறந்தது. சரக்கிருப்பும் கடன் கொள்முதலும் கடன் விற்பனையும் முறையாகக் கணக்கில் வந்துவிட்டன. மற்றச் செலவுகளை மட்டும் பணம் கொடுத்த அன்று எழுதுகிறார்கள்; இதையே இங்கே ரொக்கக் கணக்கு என்போம். அப்படிப் பார்த்தால் முதல் ஆண்டு இலாபம் ரூ.4,20,000.

மார்ச் 31 அன்று கொடுக்க வேண்டியவை: இரண்டு வேலையாட்களின் மார்ச் சம்பளம் ரூ.28,000. தமிழ்நாட்டில் மின்கட்டணம் பெரும்பாலும் இரு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், கடைசி ரீடிங்குக்குப் பிறகு ஓடிய மின்சாரம் ஏறத்தாழ ரூ.6,000. செப்டம்பர் வாக்கில் கொடுக்கப்போகும் ஆடிட்டர் கட்டணம் ரூ.10,000. நவம்பர் 1 அன்று 12 விழுக்காட்டு வட்டியில் வாங்கிய ரூ.3,00,000 நகைக்கடனுக்கு ஐந்து மாத வட்டி ரூ.15,000, நகையை மீட்கும்போதுதான் இது கையை விட்டுப் போகும். மொத்தம் ரூ.59,000. முன்கூட்டிக் கொடுத்தவை: அக்டோபர் 1 அன்று கட்டிய ரூ.12,000 கடைக் காப்பீட்டில் ஆறு மாதம், ரூ.6,000. ஜனவரி 1 அன்று கட்டிய ரூ.24,000 சரக்கு வண்டிக் காப்பீட்டில் ஒன்பது மாதம், ரூ.18,000. மொத்தம் ரூ.24,000. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரூ.35,000. உண்மையான இலாபம் ரூ.3,85,000. ரொக்கக் கணக்கு காட்டிய இலாபத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு இல்லை.

இதோடு நிறுத்திக்கொண்டால் பாடம் வென்றதாகத் தோன்றும். இரண்டாம் ஆண்டையும் பார்க்க வேண்டும். ரொக்கக் கணக்கின்படி இலாபம் ரூ.4,50,000. ஆண்டு முடிவில் கொடுபட வேண்டியது ரூ.63,000, முன்கூட்டிக் கொடுத்தது ரூ.26,000, நிகரம் ரூ.37,000. இந்த முழுத் தொகையையும் இலாபத்திலிருந்து கழிக்க முடியாது. போன ஆண்டின் ரூ.35,000 இந்த ஆண்டில் கொடுக்கப்பட்டு ரொக்கச் செலவில் ஏற்கெனவே ஏறிவிட்டது. அது போன ஆண்டின் பாரம். அதை எடுத்துவிட வேண்டும். மிஞ்சுவது ரூ.2,000. சரியான இலாபம் ரூ.4,48,000. இந்த இரண்டாயிரத்துக்காக மின்சார ரீடிங்கைக் கணக்கிட்டு, காப்பீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்து உட்கார வேண்டுமா என்று வணிகர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே.

ரொக்கக் கணக்கும் மெர்கன்டைல் கணக்கும் ஓர் ஆண்டில் எவ்வளவு மாறுபடும் என்பதைத் தீர்மானிப்பது நிலுவையின் அளவு அல்ல. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே அது எவ்வளவு மாறியது என்பதுதான். கடை தொடங்கிய நாள் முதல் மூடும் நாள் வரை கூட்டினால் இரண்டு முறைகளிலும் மொத்த இலாபம் ஒன்றே. ஒரே சீராக ஓடும் கடையில், நடு ஆண்டுகளில் சரிக்கட்டல் இலாபத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்வதில்லை. பிரிட்டிஷ் அரசின் முடிவுக்கு உள்ள வலுவான நியாயம் இது.

மூன்றாம் ஆண்டில் கதை மாறுகிறது. ரொக்கக் கணக்குப்படி இலாபம் ரூ.4,60,000, போன ஆண்டைவிடப் பத்தாயிரம் கூடுதல். ஆனால் பணத் தட்டுப்பாட்டால் சில செலவுகள் தள்ளிப்போயிருக்கின்றன. இரண்டு மாதச் சம்பளம் ரூ.60,000, மூன்று மாத வாடகை ரூ.45,000, பத்து மாத நகைக்கடன் வட்டி ரூ.30,000, இரண்டு ஆண்டு ஆடிட்டர் கட்டணம் ரூ.22,000, மின்சாரம் ரூ.6,000. கொடுபட வேண்டியது மொத்தம் ரூ.1,63,000. முன்கூட்டியது பழையபடி ரூ.26,000. நிகரம் ரூ.1,37,000, போன ஆண்டின் ரூ.37,000 போக வித்தியாசம் ரூ.1,00,000. உண்மையான இலாபம் ரூ.3,60,000. ரொக்கக் கணக்கு ஏற்றம் என்று சொன்ன ஆண்டில் கடை ரூ.88,000 இறங்கியிருக்கிறது.

ரொக்க முறையின் பெரிய குறை இங்கே தெரிகிறது. கடை நன்றாக ஓடும்போது அது ஏறத்தாழ உண்மையைச் சொல்கிறது. கடை தடுமாறும்போது பொய் சொல்கிறது, அதுவும் வணிகருக்கு இனிக்கும் பொய். கட்ட முடியாமல் விட்ட ஒவ்வொரு ரூபாயும் இலாபமாகத் தெரிகிறது. எச்சரிக்கை தேவைப்படும் ஆண்டில்தான் அது மௌனமாக இருக்கிறது.

எதிர்வாதங்களின் எடை

சரிக்கட்டலுக்கு எதிரான முதல் வாதம், அது மதிப்பீடு என்பது. வங்கிக் கணக்கில் போன பணத்துக்குச் சாட்சி உண்டு. ‘கொடுபட வேண்டியது’ என்று எழுதிய தொகைக்கு எழுதியவரின் வாய்ச்சொல்தான் சாட்சி. வரியைக் குறைக்க நிலுவையை ஊதிக் காட்டலாம். வங்கிக் கடன் வாங்க முன்கூட்டிய செலவை ஊதிக் காட்டலாம். உண்மைதான். ஆனால் ரொக்க முறையில் ஏமாற்றுவது இன்னும் எளிது. ஏப்ரல் வாடகையை மார்ச் 30 அன்று கொடுத்துவிட்டால் இலாபம் குறையும். மார்ச் சம்பளத்தை ஒரு வாரம் தள்ளினால் கூடும். பொய் ஆவணம் ஒன்றும் தேவையில்லை, தேதி போதும். வணிகர் தம்மையே ஏமாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வைத்துப் பார்த்தால் இரண்டில் ரொக்க முறையே பலவீனமானது.

இரண்டாவது வாதம் இதைவிடக் கனமானது. ஒரு வியாபாரக் கடையின் இலாபத்தைப் பெரிதும் ஆட்டி வைப்பது சரக்கிருப்பு. ஹார்டுவேர் கடையில் ஆணியும் குழாயும் பெயின்ட்டும் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணளவில் மதிப்பிட்டு, ஐம்பதாயிரம் முன்பின் ஆகலாம் என்ற நிலையில், மின்கட்டண நிலுவை ஆறாயிரமா ஏழாயிரமா என்று பார்ப்பது வீண் துல்லியம். சரக்கை எண்ணாத கடை சரிக்கட்டலில் கவனம் செலுத்துவது வரிசை தப்பிய வேலை. இதை ஏற்றுக்கொள்ள வேண்டும். கணக்கு முடிப்பில் முதலிடம் சரக்கு எண்ணுவதற்கு, அடுத்தது யார் யார் நமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும் என்ற பட்டியலுக்கு. செலவுச் சரிக்கட்டல் அதற்குப் பிறகுதான்.

மூன்றாவது, சட்டமே நிலுவையை முழுதாக நம்பவில்லை என்பது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவு வரிகள், வேலையாட்களின் போனஸ், வங்கிக் கடன் வட்டி போன்றவற்றைக் கட்டினால்தான் செலவாக ஏற்றது; ரிட்டன் தாக்கல் செய்யும் கெடு தேதிக்குள் கட்டிவிட்டால் நிலுவை ஆண்டிலேயே கழித்துக்கொள்ளலாம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையும் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளும் கெடு. அதைத் தாண்டினால் கொடுத்த ஆண்டில்தான் கழிவு, இதற்கு ரிட்டன் தேதிச் சலுகையும் கிடையாது. கலப்பு முறையை வணிகருக்கு மறுத்த சட்டம், மெர்கன்டைல் முறைக்குள் ரொக்க முறையைப் பல இடங்களில் செருகி வைத்திருக்கிறது. நம் உதாரணக் கடையின் நகைக்கடன் வங்கியில் வாங்கியதானால், அந்த ரூ.30,000 வட்டி இலாபக் கணக்கில் செலவு. கட்டாதவரை வரிக் கணக்கில் செலவு அல்ல. இதை வைத்து நிலுவை எழுதுவதே வீண் என்று சொல்வது தவறு. வரித்துறை ஏற்காததால் கடன் மறைந்துவிடுவதில்லை. வரிக்கு ஒரு கணக்கு, தமக்கு ஒரு கணக்கு என்ற வேறுபாட்டை 43பி பிரிவே நியாயப்படுத்துகிறது.

நான்கும் ஒரே தரம் அல்ல

கொடுபட வேண்டிய செலவு, முன்கூட்டிச் செலுத்திய செலவு, முன்கூட்டிப் பெற்ற வருமானம், கூடியுள்ள வருமானம் என்ற நான்கு சரிக்கட்டல்களையும் பாடம் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. தனியாள் வணிகருக்கு அவற்றின் எடை வேறு வேறு.

கொடுபட வேண்டிய செலவு முதலிடம் பெறுகிறது. விட்டுவிட்டால் தீங்கு மிகுவது இதில்தான் என்பதை மூன்றாம் ஆண்டு காட்டியது. கம்பெனியில் நிலுவை பெருகினாலும் பொதுவாகப் பங்குதாரரின் வீட்டைத் தொடாது. தனியாள் வணிகரின் கடைக்கடன் அவருடைய சொந்தக் கடன். சட்டம் கடையையும் ஆளையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

முன்கூட்டிப் பெற்ற வருமானம் அடுத்தது. எல்லாத் தொழிலிலும் இது வராது. வரும் தொழிலில் ஆபத்தானது. கல்யாண மண்டபம் நடத்துபவரைப் பாருங்கள். நிதியாண்டு பங்குனியின் நடுவில் முடிகிறது. வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கான அட்வான்ஸ் அதற்கு முன்பே கைக்கு வந்திருக்கும். அதை வருமானமாக எழுதி, இலாபம் என்று நம்பி வீடு கட்ட எடுத்துவிட்டால், கல்யாணம் நின்றுபோகும்போது திருப்பித் தர எங்கே போவது? இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. சேவைக்கான அட்வான்ஸ் வந்தவுடனே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். இலாபக் கணக்கிலோ அது இன்னும் பொறுப்பு. ஜிஎஸ்டி கட்டியாயிற்று என்பதால் வருமானமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வது தவறான முடிவு.

முன்கூட்டிச் செலுத்திய செலவு மூன்றாவது. இதை விட்டுவிட்டால் இலாபம் குறைவாகத் தெரியும். தவறுதான், ஆனால் பாதுகாப்பான பக்கத்துத் தவறு. சிறு தொகைகளை விட்டுவிடலாம். மெர்கன்டைல் முறையை அனுமானமாக வைத்த அதே 1979ஆம் ஆண்டுத் தரநிலை, கணக்கைப் படிப்பவரின் முடிவை மாற்றும் அளவுக்குப் பெரிய தொகைதானா என்பதையும் பார்க்கச் சொல்கிறது. அந்த அளவுகோலில் ரூ.6,000 கடைக் காப்பீடு தேறாது, ரூ.18,000 வண்டிக் காப்பீடு தேறலாம். இரண்டு பிழைகளை இங்கே தடுக்க வேண்டும். கடை வாடகைக்குக் கொடுத்த அட்வான்ஸ், கடையைக் காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய பணம். அது வைப்பு, எந்த மாதத்துக்கும் உரிய செலவல்ல. முதலாளி தம் குடும்பத்துக்கு எடுத்த மருத்துவக் காப்பீட்டைக் கடைக் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் அது எடுப்பு. அதில் எத்தனை மாதம் மிச்சம் என்று பார்க்கத் தேவையே இல்லை. கீழே கடையும் மேலே வீடும் ஒரே மீட்டரில் ஓடுமானால், வீட்டுப் பங்கை முதலில் கழித்துவிட்டுத்தான் நிலுவை போட வேண்டும்.

கூடியுள்ள வருமானம் கடைசி. பெயின்ட், சிமென்ட் டீலர்களுக்குக் கம்பெனி தரும் ஆண்டு டார்கெட் இன்சென்டிவ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டார்கெட் மார்ச்சில் எட்டியிருக்கும். கிரெடிட் நோட் மே மாதம் வரும். டார்கெட் எட்டியதற்குக் கம்பெனியின் எழுத்து இருந்தால் சேர்க்கலாம். விற்பனையாளர் வாயால் சொன்னதை நம்பிச் சேர்க்கக் கூடாது. இந்த ஒன்றில் மட்டும் ரொக்க முறையின் கஞ்சத்தனம் நல்ல பழக்கம்.

தீபாவளி போனஸ் இந்த வரிசையில் அடங்காத வழக்கு. தீபாவளிக்குத் தீபாவளி ஒரு மாதச் சம்பளம் என்ற வழக்கமுள்ள கடையில், மார்ச் 31 வரை ஓடிய மாதங்களுக்கான பங்கு நிலுவையா? தர்க்கப்படி பார்த்தால் நிலுவைதான். வேலையாள் நடுவில் நின்றால் தரும் வழக்கம் இல்லாத கடையில் அது இன்னும் கடனாகவில்லை என்றும் வாதிடலாம். தொகை ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒன்றே என்றால் எழுதாமல் விடுவதால் இலாபம் கெடாது. கடையை இன்னொருவருக்குக் கைமாற்றும் ஆண்டில் மட்டும் எழுதியே ஆக வேண்டும்; இல்லையென்றால் வாங்குகிறவர் பழைய முதலாளியின் போனஸைக் கொடுப்பார்.

தீர்ப்பு

பிரிட்டனின் முடிவு வரி நிர்வாகம் என்ற அளவில் சரி. சீராக ஓடும் சிறு வணிகரை, ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் நகர்த்தும் வேலைக்குச் சட்டம் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்தியச் சட்டமும் இதையே வேறு வழிகளில் சொல்லிவிட்டது. ஆனால் அதை ‘ரொக்கக் கணக்கே போதும்’ என்று வணிகர் எடுத்துக்கொண்டால் தவறு. வரிக்குப் போதுமான கணக்கு வேறு, கடையை நடத்தப் போதுமான கணக்கு வேறு.

பாடத்தின் மேல் உள்ள குறை, அது சரிக்கட்டலைக் கற்பிக்கிறது என்பதல்ல. தொகையை வினாத்தாளே கொடுத்துவிடுகிறது. இரண்டு இடத்தில் எழுதுவது மட்டுமே மாணவரின் வேலையாகிறது. கடையிலோ எழுதுவது ஒரு நிமிட வேலை. எது விட்டுப்போயிற்று என்று தேடுவதுதான் உழைப்பு. அந்தத் தேடலைப் பயிற்றுவித்தால் பாடம் கடைக்கு உதவும்.

எனவே தனியாள் வணிகருக்கு நான்கு சரிக்கட்டல்களும் தேவையில்லை; ஒன்றுமே வேண்டாம் என்பதும் ஏற்கத்தக்கதல்ல. கொடுபட வேண்டியதையும் முன்கூட்டி வாங்கியதையும் ஆண்டுதோறும், தவறாமல், ரூபாய் அளவில் பட்டியலிட வேண்டும். முன்கூட்டிக் கொடுத்ததில் பெரியவை மட்டும் போதும். வர வேண்டியதைக் கையில் காகிதம் இருந்தால் மட்டும் சேர்க்கலாம். போன ஆண்டின் பட்டியலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாவிட்டால் இவை எல்லாமே பாதி வேலை. இலாபத்தைத் திருத்துவது இரண்டு பட்டியல்களுக்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த வித்தியாசம் சிறிதாக இருக்கும் ஆண்டில் வணிகர் இழந்தது ஒரு மாலைப்பொழுது. பெரிதாக இருக்கும் ஆண்டில், கடையின் இறக்கம் ரொக்கப் பெட்டியில் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். வரித்துறை கேட்காவிட்டாலும் அந்த ஒரு மாலையைச் செலவழிக்க இதுவே போதுமான காரணம்.